போனில் எல்லோரும் நலம்

எனக்கு முப்பத்தொரு வயது. போன மாதம் மேற்படிப்புக்காக வேலையை விட்டேன். விட்ட மறுநாளே எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் என் பெயரை ‘ரிட்டயர்டு அக்கா’ என்று மாற்றிவிட்டார்கள். சரி, ரிட்டயர்டு என்றே இருக்கட்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அனுபவத்தைச் சொல்லலாம்.

இந்தத் தடவை கேட்டதால்தான் சொல்கிறேன். என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பெண் முந்தாநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். “அக்கா, இந்த வெயில்ல வீடு வீடாப் போகச் சொல்றாங்க. போன்ல கேட்டா ஆகாதாக்கா?” கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்துகொண்டே பதில் பேச ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். நோயாளிகள், அவர்கள் வீட்டார் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். சமூகப் பணியில் முதுகலை. பாடமாகப் படித்ததில் பாதி பரீட்சையோடு போனது, மீதிப் பாதி சூலூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் போனது. ஒரு மில் குடும்பத்தின் அறக்கட்டளை நடத்திய மனநலச் சேவை அது. சூலூரில் தினசரி கிளினிக், கிணத்துக்கடவில் மாதம் ஒரு நாள் கிளினிக், அதற்கு மேல் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. மருந்து, ஊசி எல்லாம் இலவசம்.

எங்கள் டாக்டரம்மாவின் பரிசோதனை அறையில் மேசைக்கு எதிரே நாற்காலி கிடையாது. பக்கத்தில் இருக்கும். வருகிறவரும் அவரும் ஒரே ஜன்னலைப் பார்த்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்து பேசுவார்கள். “எதிர்த்தாப்ல உட்கார்ந்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும்மா” என்பார். குரல் உயராது. ஆனால் நம் வாயில் ஒரு தப்பான கேள்வி வந்துவிட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம்மைப் பார்ப்பார். அந்தப் பேனா மேசையில் படும் ‘டக்’ சத்தத்துக்கு மொத்த கிளினிக்கும் பயப்படும்.

முதல் வாரம் எனக்கே அந்த டக். விசைத்தறியில் வேலை பார்க்கிற ஒருவர் வந்திருந்தார். நான் பளிச்சென்று சிரித்து, “எப்படி இருக்கீங்கண்ணா?” என்றேன்.

“நல்லா இருக்கறனுங்க அம்மணி” என்றார் அவரும் சிரித்து.

டக்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?”

“வாசல்லங்க.”

“குளிருதே, ஏன் உள்ள படுக்கல?”

“உள்ளார அவங்க பேசிக்கிட்டே இருக்காங்களுங்க. நெம்பச் சத்தம்.”

“யாரு?”

“அதுதானுங்க தெரியல.”

அவர் போன பிறகு டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: “நீ கேட்டது கேள்வி இல்லம்மா, வணக்கம். நம்ம ஊர்ல வணக்கம் வெச்சா பதிலுக்கு வணக்கந்தான் வரும். செத்துப் பொழச்சு வந்தவங்ககூட ‘நல்லா இருக்கறனுங்க’ன்னுதான் சொல்லுவாங்க. இல்லைன்னு சொன்னா கேட்டவங்களுக்குச் சங்கடமாப் போயிரும்ல?”

அன்றிலிருந்து எங்கள் கிளினிக்கில் அந்த ஒரு கேள்விக்குத் தடை. வேறு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், யார் போட்டார்கள். முடி வெட்டியது எந்தக் கடையில். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போனீர்களா, பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். இதெல்லாம் வெட்டிப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் தூக்கம், பசி, பயம், சந்தேகம் எல்லாம் இதற்குள்தான் ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்கும்போது எனக்கு வருகிற உற்சாகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவர் மூன்று மாதம் கழித்துச் சலூனுக்குப் போனார் என்று கேட்டு நான் கைதட்டியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போவதிலும் முறை உண்டு. வண்டியை வாசலில் நிறுத்தக் கூடாது, கடைத்தெருவிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் கேட்டால் ‘தெரிஞ்சவங்க’ என்பதோடு சரி. போனதும் நோயைப் பற்றிப் பேசக் கூடாது. “உங்க மாட்டைக் காட்டுங்க”, “அந்த வாழை எப்ப வெச்சீங்க” என்று அவர்களை எழுப்பி நடக்கவிட வேண்டும். கூட நடந்தாலே போதும். கை நடுங்குகிறதா, கால் இழுக்கிறதா, வீட்டார் அவரோடு பேசுகிறார்களா அல்லது அவரைப் பற்றி நம்மிடம் மட்டும் பேசுகிறார்களா, எல்லாம் தெரிந்துவிடும். மாத்திரையின் பக்கவிளைவை நான் கண்டுபிடித்ததெல்லாம் பெரும்பாலும் மாட்டுத் தொழுவத்துக்குப் போகிற வழியில்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மில்லில் வியாபாரம் மந்தமானது. அறக்கட்டளைச் செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு. அதற்காகவே புது நிர்வாக அதிகாரி வந்தார், பிரபாகரன் சார். வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர், காலையில் எங்களுக்கு முன்பே வந்துவிடுவார், டாய்லெட்டில் குழாய் ஒழுகினால் அவரே ஸ்பேனர் எடுப்பார். ஒழுகுகிற எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்பது அவர் சுபாவம். வீடுகளுக்குப் போகிற எங்கள் ஜீப்பில் பணம் ஒழுகுகிறது என்று அதை நிறுத்தினார். கிணத்துக்கடவு கிளினிக்கைச் சூலூரோடு சேர்த்தார். வீட்டுக்குப் போவதற்குப் பதில் போன். முன் அறையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்பார்கள். பதிலுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்.

என்ன கேட்பார்கள் என்று ஊகித்திருப்பீர்கள். “வணக்கங்க, உங்க வீட்டுல அவங்க எப்படி இருக்காங்க?”

முதல் மாத முடிவில் பிரபாகரன் சார் எல்லோருக்கும் போண்டா வாங்கிவந்தார். சுவரில் ஒரு பெரிய அட்டவணை ஒட்டினார். அறையே பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. எல்லோரும் ஐந்துக்கு ஐந்து, இல்லாவிட்டால் நான்கு.

“பாருங்க மேடம், செலவு எறங்கிருச்சு, ஆரோக்கியம் ஏறிருச்சு!”

டாக்டரம்மா அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தார். “இவ்வளவு நல்லா இருக்கற ஊருக்கு நான் எதுக்குங்க சார்? என்னையும் எடுத்துப்போட்டீங்கன்னா இன்னும் மிச்சமாகுமே.”

“அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க மேடம்.”

“வேற எப்படிச் சொல்றது? இந்தச் சேவையில தரம் குறையலைன்னு என் கையெழுத்தோட அறிக்கை போகணும்ல, அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

சிக்கல் இதுதான். இரண்டு வாரத்தில் அறக்கட்டளைக் கூட்டம். போன் முறையை நிரந்தரமாக்குவது என்று அங்கே முடிவெடுத்துவிட்டால், வீட்டுக்குப் போவதும் கிணத்துக்கடவு கிளினிக்கும் அதோடு போச்சு. மூடின கிளினிக்கை யாரும் திரும்பத் திறந்து நான் பார்த்ததில்லை.

பிரபாகரன் சார் பாவமாக என்னைப் பார்த்தார். “நான் யாருக்கும் கெடுதல் பண்ணலீங்க. போன்ல நல்லா இருக்காங்கன்னு வந்திருக்கு, ஆனா நேர்ல நல்லா இல்ல. அப்படி ஒரே ஒருத்தரைக் காட்டுங்க, நானே கூட்டத்துல பேசறேன்.”

“வண்டியில ஏறுங்க சார்” என்றேன்.

“இப்பவேவா?”

“இப்பவே!”

என் ஸ்கூட்டரில், எனக்கே பத்தாத ஹெல்மெட்டை அவருக்குக் கொடுத்து, போத்தனூர் வழியாகக் கிணத்துக்கடவுக்குக் கிளம்பினோம். போகிற வழியெல்லாம் அவர் பின்னாலிருந்து “மெதுவா, மெதுவா” என்றுகொண்டே வந்தார். நான் மெதுவாகத்தான் போனேன். ஸ்கூட்டரின் பின்சீட்டு அவருக்குப் பழக்கமில்லை போல.

நான் மனதில் வைத்திருந்தது மரகதம் அக்காவை. நாற்பது தாண்டியவர். காதில் குரல்கள் கேட்கும் நோய், மாதா மாதம் போடுகிற ஊசியில் பல வருடங்களாக நன்றாக இருந்தார். தென்னை நார்க் களத்தில் கூலி வேலை. அண்ணன் ஆறுமுகம் பண்ணையம் பார்க்கிற தோப்பில், அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். கிணத்துக்கடவு கிளினிக் நடந்த நாட்களில் டாக்டரம்மா வருவதற்கு முன்பே வந்து, படிக்கட்டைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர், கிளினிக் மாறியதிலிருந்து ஊசிக்குச் சூலூர் பக்கம் வரவே இல்லை. போன் அட்டவணையில் ஐந்துக்கு ஐந்து. இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை.

தோப்புக்குள் நுழைந்ததும் ஆறுமுகம் அண்ணன் ஓடிவந்தார். “வாங்க கண்ணு, வாங்க சார்! ஒரு போன் பண்ணிப்போட்டு வந்திருந்தா கோழி அடிச்சிருப்பனே!” கட்டில் போட்டு, துண்டால் தட்டி, இளநீர் வெட்டி, ஒரே தடபுடல்.

இளநீரைக் குடித்துவிட்டு பிரபாகரன் சார் கேட்டார்: “தங்கச்சி எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்குதுங்க சார். உங்க புண்ணியத்துல ஒரு குறையுமில்லீங்க.”

பிரபாகரன் சார் என்னைப் பார்த்த பார்வையில் பரிசு வாங்கிய பையனின் களை. நான் இளநீர்க் காயைக் கீழே வைத்தேன்.

“அண்ணா, மரகதம் அக்கா இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டாங்க?”

ஆறுமுகம் அண்ணன் துண்டை மடிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே மடித்திருந்த துண்டு. சமையலறையிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தார்.

“நேத்து வெச்ச தட்டே அப்படியே கெடக்குதுங்க கண்ணு.”

“எங்க வெச்சீங்கக்கா?”

“மோட்டார் ரூம்ல. அங்கதான் கெடக்குது, பத்துப் பதினஞ்சு நாளா. களத்துக்கும் போறதில்ல. கூப்புட்டா வாரதில்ல.”

பிரபாகரன் சார் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். “ஏனுங்க, போன வாரம் போன் பண்ணாங்கல்ல? அப்பச் சொல்றதுக்கென்ன?”

ஆறுமுகம் அண்ணனுக்கு முகமெல்லாம் வருத்தம். தங்கைக்காக மட்டுமில்லை, எங்களுக்காகவும்தான். “சார், கோவிச்சுக்காதீங்க. அந்தப் புள்ள போன்ல அவ்வளவு மருவாதையாக் கேக்குது. சோறு தண்ணி இல்லாம எத்தன பேத்துக்குப் பேசுதோ. அதுகிட்டப் போயி எங்க ஊட்டுக் கஷ்டத்த எறக்கி வெக்கறதுங்களா? கிளினிக்கு எடுத்துப்போட்டீங்கன்னு கொறை சொல்றாப்ல ஆயிருமுல்ல? இத்தன வருசம் தருமத்துக்குப் பாத்தவங்க நீங்க.”

அவருக்குத் தங்கை மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் இரண்டு வேளை தட்டில் சோறு கொண்டுபோய் வைத்திருக்கிறார். ஆனால் எங்களிடம் குறை சொல்வது அவரால் ஆகாத காரியம். டாக்டரம்மா எனக்கு முதல் வாரம் சொன்னது முழுதாகப் புரிந்தது இந்தக் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான்.

மோட்டார் ரூம் தோப்பின் கடைசியில். தூரத்திலேயே மோட்டார் ஓடுகிற சத்தம். வாய்க்கால் நிறைந்து, தென்னைப் பாத்தியெல்லாம் நிறைந்து, தண்ணீர் தடத்துக்கு வந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

“மோட்டாரை ஏன் நிறுத்தல?” என்று கத்தினார் பிரபாகரன் சார். தண்ணீர் வீணாவதைப் பார்த்து அவருக்குக் கை பரபரத்தது.

“நிறுத்துனா தங்கச்சி அழுகுதுங்க சார்” என்று கத்தினார் ஆறுமுகம் அண்ணன்.

உள்ளே சுவரோரம் மரகதம் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், மோட்டாருக்கு மிக நெருக்கமாக. தலை சிக்குப் பிடித்து, உடம்பு பாதியாகி. நான் எதிரே போகாமல், அவர் பக்கத்தில், அவரைப் போலவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு பேரும் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார்.

“நிறுத்திப்போடாதீங்க அம்மணி. நிறுத்துனா ஆரம்பிச்சுருவாங்க.”

“நிறுத்தல. இந்தச் சத்தத்துல அவங்க பேசறது கேக்கறதில்லையா?”

“கொஞ்சந்தான் கேக்குது.”

பாருங்கள், யாரும் உதவிக்கு இல்லாதபோது அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்! குரல்களை மூழ்கடிக்க ஒரு மோட்டார். இவரை மீட்டுவிடலாம் என்கிற வெறி எனக்கு வந்தது. பயப்படத் தெரிந்தவர், வழி தேடத் தெரிந்தவர். இன்னும் கை நழுவிப் போகவில்லை.

“சூலூருக்கு வரலாம்னு பாத்தீங்களாக்கா?”

“ரெண்டு வாட்டி பஸ் ஏறுனேன். உக்கடத்துல எறங்கி வேற பஸ்சு மாறோணும். அங்க அத்தன பேரும் என்னையப் பத்தியே பேசறாங்க. திரும்பி வந்துட்டேன். கிணத்துக்கடவுன்னா நடந்தே வந்திருப்பனே.”

வாசலில் நின்றிருந்த பிரபாகரன் சாருக்குப் பொறுக்கவில்லை. குரலை உயர்த்தி, ஆனால் கெஞ்சுகிற தோரணையில் கேட்டார்: “ஏம்மா, போன் வந்தப்ப உங்க அண்ணன்கிட்ட வாங்கி நீங்களாவது பேசியிருக்கலாமில்ல?”

மரகதம் அக்கா முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

“மூஞ்சி இல்லாத கொரலு எனக்கு ஏற்கெனவே நெறைய இருக்குதுங்க. இன்னொன்னு எதுக்கு?”

பிரபாகரன் சார் செருப்பை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, எனக்கு அந்தப் பக்கம், ஈரத் தரையில், இஸ்திரி போட்ட பேண்ட்டோடு உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் மோட்டாரைப் பார்த்தபடி இருந்தோம்.

நான் போன் செய்ய, சாயங்காலம் டாக்டரம்மா தன் காரிலேயே நர்ஸையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து, மரகதம் அக்காவோடு ரொம்ப நேரம் பேசினார். நெஞ்சைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்டார். பிறகு, “ஊசி இப்பப் போடட்டுமா, காப்பி குடிச்சுட்டுப் போடட்டுமா?” என்றார்.

“காப்பி குடிச்சுட்டு.”

காப்பி வந்தது, ஆறுகிற வரை அவசரமில்லாமல் காத்திருந்தார்கள், குடித்தார், பிறகு ஊசி. கூடவே கொஞ்ச நாளைக்கு மாத்திரையும். பிடித்து அமுக்கவில்லை, ஏமாற்றவில்லை. அடுத்த சில வாரம் நான் அடிக்கடி போய்வந்தேன், பெட்ரோலுக்கு யாரையும் கேட்காமல்.

கூட்ட நாள் வந்தது. நீள மேசை, சேர்மன் ஐயா நடுவில். எழுபது தாண்டியவர், கறாரானவர், பேச்சில் தேன் வழியும். போன் முறையைப் பற்றிப் பேசப் பிரபாகரன் சார் எழுந்தார். 

“இதை வேண்டாம்னு சொல்லத்தானுங்க எழுந்திருக்கேன்” என்றார்.

“என்ன பிரபாகரா, நீதானே கொண்டாந்தே? எல்லாரும் போன்ல நல்லா இருக்கேன்னு சொல்றாங்கன்னு படம் காட்டுனியே?”

“ஆமாங்கய்யா. ஒரு கேள்வி கேக்கலாமுங்களா? போன மாசம் நான் உங்களுக்குப் போன் பண்ணி, ஐயா எப்படி இருக்கீங்கன்னு கேட்டேனுங்க.”

“ஆமா.”

“நல்லா இருக்கறேன் பிரபாகரான்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அப்ப எங்க இருந்தீங்கய்யா?”

சேர்மன் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.  “ஐ.சி.யூ.ல” என்றார். “நெஞ்சுல ஒயரு மாட்டியிருந்தாங்க.”

ஓரத்தில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கிக்கிக்கென்று சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் சேர்மன் ஐயாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “ஏப்பா, நீயும் சரிங்கன்னு சொல்லி வெச்சுட்டியே! வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமுல்ல?”

“அதைத்தானுங்கய்யா சொல்ல வந்தேன்.”

டாக்டரம்மா அதற்கு மேல் ஒரு நிமிடம்தான் பேசினார், மரகதம் அக்காவின் பெயரைச் சொல்லாமல், மோட்டாரைப் பற்றி மட்டும். சிரிப்பு நின்றிருந்தது.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஜீப் போனது போனதுதான், இனி எங்கள் சொந்த வண்டிக்குப் பெட்ரோல் காசு தருவார்கள். அந்தச் செலவுக்கு ஈடாக ஆண்டு விழா, மண்டபம், ஃப்ளெக்ஸ், சாப்பாடு எல்லாம் ரத்து. ஆனால் கிணத்துக்கடவு கிளினிக் அடுத்த மாதமே திறந்தது. வீட்டுக்குப் போவது தொடர்ந்தது. முன் அறைப் பெண்களின் போனும் இருக்கிறது, கிளினிக் நாளை நினைவுபடுத்த. அதற்கு அது மிக நல்ல கருவி. அட்டவணையைப் பிரபாகரன் சாரே கிழித்தார்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை வழக்கம்போல மரகதம் அக்காவைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. தோப்பைச் சுற்றினேன், மோட்டார் ரூமும் பூட்டிக் கிடந்தது, பாத்தி காய்ந்து கிடந்தது. எதிரே வந்த ஒருவரைக் கேட்டால், “அது களத்துக்குப் போயிருக்குமுங்க” என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு நார்க் களத்துக்குப் பறந்தேன்.

வெயிலில் பரப்பிய நார் மேல் ஏழெட்டுப் பெண்கள். அதில் ஒருவர் தலையில் துண்டு கட்டி, கையில் கோலோடு நாரைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விறுவிறுவென்று வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, வேலை நேரத்துலயா வருவாங்க? மேஸ்திரி பாக்கறாரு பாருங்க. கூலியில புடிச்சுப்போடுவாரு. போயிட்டு ஞாயித்துக்கெழம வாங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். களத்தின் வாசலில் நான் தனியாக நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு குதி குதித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பிரபாகரன் சார் போன். “என்னங்க, பேஷண்டைப் பாத்தாச்சா?”

“தொரத்தி விட்டுட்டாங்க சார்!”

“எதுக்கு?”

“வேலை இருக்குதாம்!”

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஞாயித்துக்கெழமைக்கும் சேர்த்தே பெட்ரோல் போட்டுக்கங்க. அன்னைக்கு நானும் வாரேன்.”